அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் சுருட்டைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தோட்டத்தில் பிரம்பு நாற்காலி போட்டு, விரலிடுக்கில் சுருட்டோடு ஒருவர் சாய்ந்திருக்கும் படம். கியூபாவில் தொடங்கி நட்சத்திர ஓட்டலில் முடியும் கட்டுரை. அதன் கடைசிப் பத்தியில், சுருட்டைப் புதிதாகத் தொடுகிறவர்கள் விலை குறைந்த ஒன்றை வாங்கித் திறந்தவெளியில் உட்கார்ந்து பிடித்துப் பார்க்கலாம், புகையை நெஞ்சுக்குள் இழுக்கப் போவதில்லை என்பதால் பயப்பட எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த வரியை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்க முடியாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ராயபுரத்துக்காரன். வயது 63. துறைமுகத்தில் 34 வருஷம் வேலை, பெரும்பாலும் கிரேன் ஓட்டினேன். பீடி, சிகரெட், மாவா எதையும் தொட்டதில்லை. டீ மட்டும் ஒரு நாளைக்கு ஆறு. அப்படிப்பட்டவன் சுருட்டைப் பற்றி எழுத வருவதற்குக் காரணம் என் நைனா, என் அப்பா. அவரும் துறைமுகத் தொழிலாளி. 1958இல் மூட்டை தூக்குகிற வேலையில் சேர்ந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் சுருட்டு பிடித்தவர். அவர் சட்டைப் பையில் கை விட்டால் பஸ் டிக்கெட்டோடு புகையிலைத் தூளும் சேர்ந்து வரும். கப்பலுக்குள் நெருப்பு கூடாது என்பதால் ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டிய பிறகுதான் பற்றவைப்பார். பாதி பிடித்து, சுவரில் தேய்த்து அணைத்து, மீதியைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் காதிலிருந்து எடுத்து மறுபடியும் பற்றவைப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலின் வாசனை அதுதான்.

ஒன்றைப் பிடித்துப் பார்க்காமல் அதைப் பற்றி எழுதக் கூடாது என்று தோன்றியது. வைகாசி அமாவாசையில் நைனாவுக்குத் திதி வருகிறது. படையலில் வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியலோடு ஒரு சுருட்டும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். படைத்த பிறகு அதைக் கடலில் போட்டுவிடுவேன். இந்த வருஷம் போடவில்லை. கட்டுரையில் சொன்னபடியே, விலை குறைந்த சுருட்டு, திறந்தவெளி, புகையை உள்ளே இழுக்காமல்.

அதைச் சொல்வதற்கு முன்னால் கட்டுரை விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் மனசை உறுத்துகிறது. சுருட்டை முழுக்க முழுக்க வெளிநாட்டுச் சரக்காக எழுதியிருந்தீர்கள். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பது உண்மை. 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் இலையைச் சுருட்டிப் புகைத்த மக்களைப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தது போர்ச்சுக்கீசியர். ஆனால் வந்து சேர்ந்த பிறகு அது நம் ஊர்ச் சாமானாகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு முனையும் திறந்த சுருட்டுக்கு ‘செரூட்’ என்று பெயர். அது நம்முடைய ‘சுருட்டு’தான் என்று ஆங்கில அகராதிகளே போட்டிருக்கின்றன. கட்டுமரம் அங்கே போய் ‘கேட்டமரான்’ ஆனதைப் போல. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் கப்பல் ஏறி இங்கிலாந்து வரைக்கும் போயின. மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே வைத்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணச் சுருட்டு. வடக்கே கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளைகிற லங்கா புகையிலை. இத்தனையும் இருக்க, சுருட்டு என்றதும் தோட்டத்து நாற்காலிக்காரர் படம்தான் போடத் தோன்றுகிறது.

வடசென்னையில் சுருட்டு பிடித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவர்கள், கட்டை வண்டி இழுத்தவர்கள், வலைக்குப் போகிறவர்கள். பெண்களும் உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து எண்ணூர், வியாசர்பாடிப் பக்கம் குடியேறிய குடும்பங்களில், பாட்டிமார் வாசலில் உட்கார்ந்து கட்டைவிரலை விடத் தடித்த சுருட்டைப் புகைத்ததை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அது வேறு வகை, வேறொரு மரத்தின் இலையில் சுற்றியது. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், அவர்கள் பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்குவார்கள்.

எங்கள் தெருவிலேயே ஸ்ரீகாகுளத்துப் பக்கமிருந்து வந்த ஆயா ஒருவர் இருந்தார். மீன் கூடை சுமப்பவர். அவர் சுருட்டைத் திருப்பிப் பிடிப்பார். எரிகிற முனை வாய்க்குள், எரியாத முனை வெளியே. கடல்காற்றில் நெருப்பு அணையாமல் இருக்க அந்த ஊரில் அப்படித்தான் என்பார். அப்படியே வைத்துக்கொண்டு மீனுக்கு விலையும் பேசுவார். உதடு திறக்கும்போதெல்லாம் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். “சுடலையா ஆயா?” என்று நாங்கள் கேட்டால் வாயை அகலத் திறந்து மேலண்ணத்தைக் காட்டுவார். தோல் தடித்து வெளுத்து, அதில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். பையன்கள் நாங்கள் அதை வேடிக்கையாகப் பார்த்தோம். அந்தப் பழக்கத்தால் மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் மருத்துவர்கள் பல காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள் என்பதைப் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சுருட்டு எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். 1974, எனக்குப் பன்னிரண்டு வயது. சமயபுரம் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பும்போது உறையூரில் இறங்கினோம். நேராகச் சுருட்டுகிற இடத்திலேயே ஒரு கட்டு வாங்கிவிட வேண்டும் என்பது நைனாவின் ஆசை. ஓட்டு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடிக்கு எதிரே ஒரு பலகை. ஈரத்துணிக்கு அடியில் இலைகள். ஒரு இலையை எடுத்து நடு நரம்பை ஒரே இழுப்பில் உரித்தார். நூல் பிரிவது போல வந்தது. உள்ளே வைக்கிற இலைகளைக் கையிலேயே ஒன்றுசேர்த்து, இன்னொரு இலையால் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் ஓட்டையோ கறையோ இல்லாத நல்ல இலை ஒன்றைச் சாய்வாகப் போர்த்திக்கொண்டே பலகையில் உருட்டினார். முனையில் விரலால் பசை தடவினார். கத்தியால் இரண்டு பக்கமும் ஒரு தட்டு. பீடிக்கு மேலே தெண்டு இலை, சிகரெட்டுக்குக் காகிதம். சுருட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் புகையிலையேதான். அந்தப் பெரியவர் எதையும் அளந்து பார்க்கவில்லை. வரிசையாக அடுக்கியிருந்தவை எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே பருமனில் இருந்தன. அவர் விரல் நுனிகள் இலை நிறத்துக்கே மாறியிருந்தன. பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தார். நைனா ஒரு சுருட்டைக் காதருகே வைத்து மெல்ல உருட்டி, சத்தம் கேட்டுவிட்டு, “பதம்” என்றார். அவ்வளவுதான் பேரம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார்.

இப்போது ராயபுரத்தில் சுருட்டு வாங்குவதே பெரும்பாடு. கல்மண்டபம் பக்கத்தில் வழக்கமாக வாங்குகிற பெட்டிக்கடையை மூடிவிட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் நாலு கடை கேட்டேன். எல்லோரும் சிகரெட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்கள். மண்ணடியில் இல்லை. கடைசியில் கொத்தவால்சாவடிப் பக்கம், புகையிலைக் கடையில் அல்ல, பூசைச் சாமான் கடையில் கிடைத்தது. கற்பூரம், மஞ்சள், எலுமிச்சைக்கு நடுவே இருந்தது. “சாமிக்கா சார்? பாடிகாட் முனீஸ்வரருக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். நைனாவுக்கு என்று சொல்லத் தோன்றவில்லை, தலையாட்டினேன். ஐந்து கொண்ட கட்டு 60 ரூபாய். பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தில் எச்சரிக்கைப் படம் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. சட்டப்படி புகையிலைப் பொருள் எதுவானாலும் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை இருக்க வேண்டும், 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது. பூசைச் சாமான் என்ற பெயரில் வருவதால் சுருட்டு இந்த இரண்டிலிருந்தும் தப்பிவிடுகிறது. நான் நிற்கும்போதே எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பையன் ஒருவன், “அம்மா சாமிக்கு வாங்கிட்டு வரச் சொல்லிச்சு” என்று இரண்டு வாங்கிக்கொண்டு போனான். அவன் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படையல் முடிந்து சாப்பிட்டு, நாலரை மணிக்குக் காசிமேட்டுக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. கரையெங்கும் வலை. ‘என்-4’ பீச் என்கிற கடற்கரையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்ததால் அவர்களைத் தாண்டித் தள்ளிப் போய், கருங்கல் கொட்டியிருக்கிற இடத்தில் ஆள் இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரி கூடவே வந்திருந்தாள். பத்தடி தள்ளி, காற்றுக்கு மேல்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். “உனக்கு பி.பி. மாத்திரை ஓடுது. இந்த வயசுல இன்னாத்துக்கு இந்தப் பரீட்சை?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவள், அங்கே வந்ததும் ஒன்றும் பேசவில்லை.

கிரேன் ஓட்டியவனுக்குக் காற்று தெரியும். காற்று ஒரு அளவுக்கு மேல் போனால் வேலையை நிறுத்திவிடுவோம். அன்றைக்குக் கடலிலிருந்து அடித்த காற்று அவ்வளவு இல்லை, ஆனால் நெருப்புக்குச்சிக்கு அதுவே அதிகம். பெரிய கல் ஒன்றின் மறைவில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதல் நாலு குச்சி அணைந்தது. நைனா செய்வது நினைவுக்கு வந்தது. குச்சியைக் கிழித்ததும் கிட்டே கொண்டு போகமாட்டார், மருந்து எரிந்து முடிந்து மரம் எரியத் தொடங்கிய பிறகுதான் நீட்டுவார். சுருட்டை வாயில் வைக்காமல் நெருப்புக்கு மேலே பிடித்து, விரலால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே முனை முழுக்கக் கருகவிடுவார். அப்படியே செய்தேன். ஏழாவது குச்சியில் விளிம்பு முழுக்கச் சிவந்தது. கட்டுரையில் கத்தரிக்கும் கருவி பற்றியெல்லாம் எழுதியிருந்தது. முனை மூடிய சுருட்டுக்குத்தான் அது வேண்டும். இது இரண்டு பக்கமும் திறந்தது, அப்படியே பிடிக்கலாம்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிஷம் நன்றாகவே இருந்தது. காய்ந்த வைக்கோல் வாசனை, கருப்பட்டி தீய்ந்தது போல ஒரு இனிப்பு, நாக்கு நுனியில் மிளகுக் காரம். வாயில் நிறைத்து, கொஞ்சம் வைத்திருந்து, வெளியே விட்டேன். ஒரு தடவைகூட உள்ளே இழுக்கவில்லை, அதில் ரொம்பக் கவனமாக இருந்தேன். அவசரப்பட்டு இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும் என்று தெரிந்திருந்ததால் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் இழுத்தேன். காற்று படுகிற பக்கம் வேகமாகவும் மறுபக்கம் நிதானமாகவும் எரிந்து முனை கோணலாயிற்று. திருப்பித் திருப்பிப் பிடித்துச் சரிசெய்தேன். சாம்பல் வெள்ளையும் கறுப்புமாக அடுக்கடுக்காக, ஒரு விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது. நைனா அதைத் தட்டமாட்டார். தானாக விழட்டும் என்பார்.

காற்று ஒரு நொடி நின்று, புகை என் சட்டைக் கை மேலேயே திரும்பி வந்தது. குனிந்து மோந்தேன். நைனா! 34 வருஷத்துக்கு முன்னால் போனவர், பக்கத்தில் வந்து குந்தினது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “புகையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுருட்டு பிடிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இதையும் எழுதுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பாதி தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது. வாய் கசந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விக்கல் எடுத்தது. அப்புறம் உள்ளங்கை சில்லிட்டு, நெற்றியில் வியர்த்து, எதிரே கட்டியிருந்த படகுகள் ஆடுகின்றனவா நான் ஆடுகிறேனா என்று தெரியாமல் போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். “இன்னாண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சு! எந்திரிக்காத, அப்டியே குந்து. நீ எப்ப இருந்து இத்த புடிக்கிற?” இன்றைக்குத்தான் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் ரோட்டுக்குப் போய் பன்னீர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அரை மணி நேரம் கல்லில் சாய்ந்து கிடந்தேன். வாந்தி எடுத்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. ஐம்பதடி உயரத்தில் உட்கார்ந்து கன்டெய்னர் தூக்கியவன், அன்றைக்கு வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

புகை நெஞ்சுக்குள் போகவே இல்லை. அப்புறம் இது எப்படி? என் மகள் நர்ஸாக இருக்கிறாள். முதலில் நன்றாகத் திட்டினாள், பிறகு விளக்கினாள். சுருட்டுக்கான இலையைக் காற்றில் உலர்த்தி, அடுக்கி வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். அதனால் அந்தப் புகைக்குக் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உண்டு. சிகரெட் புகையை விட இதில் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகச் சுலபமாக ரத்தத்தில் ஏறிவிடும், நுரையீரல் வரைக்கும் போக வேண்டியதில்லை. சிகரெட் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், சுருட்டு அரை மணி, ஒரு மணி நேரம் வாயிலேயே இருக்கும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அதில் ஊறுகின்றன. தலைச்சுற்றல் அன்றைக்கு வந்து அன்றைக்கே போய்விடும், மற்றது மெதுவாக வருவது என்றாள்.

அந்த மற்றதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் இதை எழுதக் கை வரவில்லை. என் நைனா ஒரு நாளும் புகையை உள்ளே இழுத்தவர் இல்லை. “சிகரெட்டு நெஞ்சைத் துன்னும், சுருட்டு அப்டி இல்ல, வாயோட சரி” என்று ஊருக்கெல்லாம் சொல்வார். உங்கள் கட்டுரையாளர் எழுதிய அதே வார்த்தை. 1989இல் இடது கன்னத்தின் உள்பக்கம், எப்போதும் சுருட்டை ஒதுக்கி வைக்கிற அதே இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. வலி இல்லை என்று விட்டுவிட்டார். பிறகு அது புண்ணாயிற்று. காரம் பட்டால் எரிகிறது என்று அம்மாவின் மீன் குழம்பை ஒதுக்கினார். அவர் குழம்பை ஒதுக்கியதும்தான் எங்களுக்குப் பயம் வந்தது. “அடையாறுக்குப் போயிருக்காரு” என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் தொடங்கிய அந்தப் புற்றுநோய் மருத்துவமனையை எங்கள் தெரு ஜனங்கள் அந்த அளவுக்கு அறிந்திருந்தார்கள். நைனா வாய் முழுசாகத் திறக்க முடியாமல், ஸ்பூனில் கஞ்சி குடித்து, 1991 வைகாசி அமாவாசையன்று போனார். வயது 57. கடைசி மாதங்களில் பேச்சு குழறியது. எதையோ கேட்கிறார் என்று குனிந்தால், காதைத் தொட்டுக் காட்டுவார். செருகி வைத்த பாதிச் சுருட்டைத்தான் தேடுகிறார் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதனால் ஆசிரியர் அவர்களே, அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். மூலையில் இரண்டு வரியாக வேண்டாம், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், கண்ணில் படும்படி போடுங்கள். உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று அச்சில் வந்ததைப் படித்து, இருபது வயதுப் பிள்ளை ஒருவன் நண்பர்களோடு மெரினாவிலோ காசிமேட்டிலோ உட்கார்ந்து பற்றவைத்திருந்தால் அவனுக்கு உங்கள் பத்திரிகை பதில் சொல்ல வேண்டும். விட நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத தொலைபேசி ஆலோசனை இருக்கிறது, எண் 1800-11-2356. இனி இப்படிக் கட்டுரை வந்தால் அந்த எண்ணையும் கீழே போடுங்கள். பூசைச் சாமான் கடைகளில் சுருட்டு எப்படி விற்கப்படுகிறது என்று உங்கள் நிருபர் ஒருவர் போய்ப் பார்த்து எழுதினால் நல்லது. முனீஸ்வரருக்குச் சுருட்டு படைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானே என் நைனாவுக்குப் படைக்கிறவன். பையன் கையில் கொடுக்காமல் பெரியவர்களிடம் கொடுக்கட்டும், எச்சரிக்கை அச்சடித்த உறையில் கொடுக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கியூபாவைப் பற்றி ஒரு பக்கம் எழுத இடம் இருந்ததே, உறையூருக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சுருட்டு சுற்றத் தெரிந்த விரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் நரம்பு உரித்த விதம், இலையின் பதம் பார்த்த விதம், வாங்கின கூலி, நாள் முழுக்கப் புகையிலைத் தூளில் உட்கார்ந்து வந்த இருமல், எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். நான் பார்த்த அந்தத் திண்ணைப் பெரியவரின் பெயரை நைனா கேட்டாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவர் சுற்றிய சுருட்டைத்தான் நைனா ஒரு மாதம் வைத்து வைத்துப் பிடித்தார்.

வாங்கின கட்டுக்குள் மீதி நாலு சுருட்டு இருந்தது. மாடியில் வீட்டுக்காரி வைத்திருக்கிற செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடை அடையாகப் பிடித்திருந்தது. நாலையும் உதிர்த்துத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து, துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு தெளித்தாள். பூச்சி போய்விட்டது. அடுத்த வைகாசிக்குப் படையலில் என்ன வைப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். நெத்திலி வறுவல் வைக்கலாம் என்கிறாள் அவள், அமாவாசையாக இருந்தாலும்.

இப்படிக்கு,
துறைமுகத்தில் ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர் ஒருவர்,
ராயபுரம், சென்னை - 13.